எட்டுப் பாய் அறை

கென்கிச்சி திரும்பி வந்த அன்று யாரும் தரையைப் பார்க்கவில்லை.

சைபீரியாவில் போர்க் கைதிகளாகப் பிடித்துவைத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு மைசுரு துறைமுகத்தில் கப்பல் வந்து நின்ற நாலாம் நாள், மலைப்பாதைப் பேருந்திலிருந்து அவன் இறங்கினான். பஞ்சு வைத்துத் தைத்த ரஷ்யச் சட்டை, கையில் ஒரு துணி மூட்டை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவனுடைய சாவை முறைப்படி நடத்தி முடித்த தெரு அது. அவனுடைய எலும்பு என்று ராணுவம் அனுப்பிய வெள்ளைப் பெட்டியைத் தம்பி தொமேஜி கழுத்தில் மாட்டிச் சுமந்து வந்ததையும், பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கூழாங்கல் மட்டும் கிடந்ததையும் அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். இப்போது செத்தவனே வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். இரண்டு மூன்று பெண்கள் அழுதார்கள். ஒரு கிழவர் அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால் இருக்கிறது, பேய் இல்லை என்று அறிவித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் மனைவி ஷினோ அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவன் கால்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பிறகு போய் எட்டுப் பாய் அறையின் கதவுகளைத் திறந்தாள். அந்த வீட்டிலேயே பெரிய அறை அதுதான், தரை முழுக்க எட்டுக் கெட்டி வைக்கோல் பாய்கள் பதித்தது, விசேஷங்களுக்கு மட்டும் திறப்பது. முன்னோரை வைத்திருக்கும் மாடம் அங்கேதான் இருந்தது. நெடுநாள் வெளியூரில் இருந்து வந்தவன் முதலில் அங்கே போய் வணங்க வேண்டும்.

கென்கிச்சி உள்ளே போனான். மாடத்தின் பக்கம் போகவில்லை. நேரே அறையின் நடுவுக்குப் போய், மாடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கியவன் போல நீளமாக மூச்சு விட்டான்.

"இங்கதான் கதகதப்பா இருக்கு," என்றான்.

மூன்று வருஷம் மூடிக் கிடந்த அறை. பேசும்போது அவன் வாயிலிருந்து ஆவி பறந்ததை ஷினோ பார்த்தாள். அப்போதுதான் அவள் பார்வை தரைக்குப் போனது.

எட்டுப் பாய்களும் ஒரே பக்கமாக, பெட்டிக்குள் அடுக்கிய மாதிரி, நாலு நாலாக இரண்டு வரிசையில் கிடந்தன. நடுக்கோட்டில் மூன்று இடங்களில் நாலு பாய்களின் மூலைகள் ஒன்றையொன்று தொட்டுச் சிலுவை போட்டிருந்தன. சாவு வீட்டில் மட்டும்தான் அப்படிப் போடுவார்கள். மற்ற நாட்களில் ஒரு பாய் நீளவாக்கில், ஒன்று குறுக்கே என்று மாற்றி மாற்றிப் போட்டு, நாலு மூலைகள் எங்கேயும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வார்கள். சாவுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் பாய்களைப் பழையபடி மாற்றியிருக்க வேண்டும். அன்று ஷினோவுக்குக் கடும் காய்ச்சல். தெருக்காரர்கள் செய்திருப்பார்கள் என்று தொமேஜி நினைத்தான். வீட்டுக்காரர்கள் செய்துகொள்வார்கள் என்று தெருக்காரர்கள் நினைத்தார்கள். மறுநாள் நடவு. அறையை மூடினார்கள். மூடியது மூடியபடி கிடந்தது.

நடுச் சிலுவையின் மேல்தான் கென்கிச்சி உட்கார்ந்திருந்தான்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஷினோ சொல்லவில்லை. வந்த மனிதனை எழுப்பி, உன் சாவுக்குப் போட்ட தரையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் போகட்டும் என்றிருந்தாள். இரண்டு நாள் மூன்று வாரமானது. அவன் அந்த அறையிலேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான். முகத்தில் சதை பிடித்தது. சைபீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், அறையின் நடுவில் உட்கார்ந்தால் மட்டும் அங்கே பனியில் ரொட்டியை எப்படி ரம்பத்தால் அறுத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தான். கல்யாணமாகி எட்டே மாதத்தில் பட்டாளத்துக்குப் போனவன் அவன். தனக்கு ஒரு கணவன் இருக்கிறான் என்பதையே ஷினோ இப்போதுதான் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்திருந்தாள். இவனை இன்னொரு முறை இழக்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கண்டுபிடித்தவன் தொமேஜிதான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆற்றுக்குக் கீழே உள்ள ஊரிலிருந்து நாமியே என்ற பெண். நவம்பர் கடைசியில் இந்த வீட்டில், இந்த அறையில், நாற்பது பேருக்குச் சாப்பாடு. ஆளுக்கொன்றாகச் சாப்பாடு வைக்கும் தட்டுப் பலகைகள் எத்தனை கொள்ளும் என்று அளக்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு அண்ணியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, உயிரோட வந்த மனுஷன சாவுத் தரையில உக்கார வெச்சு சோறு போட்டுட்டு இருக்கோம். பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா செருப்பக்கூட மாட்டாம ஓடிருவாங்க."

"அவருக்கு அங்கதான் ஒத்துக்குது," என்றாள் ஷினோ.

"பழகினா எங்கயும் ஒத்துக்கும்," என்றான் தொமேஜி. அவன் மோசமானவன் இல்லை. மூன்று வருஷம் ஒண்டியாக வயலைப் பார்த்து, தன் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டவன்.

பாய் தைக்கும் மேஸ்திரி ஹிகுச்சி ஒரு வெயில் நாளில் வந்தார். ஷினோவின் கல்யாணத்துக்கு அந்த எட்டுப் பாய்களையும் தைத்தவரே அவர்தான். வைக்கோலை இரண்டு அங்குலக் கனத்துக்கு அழுத்தித் தைத்த பாய்கள், ஒவ்வொன்றும் ஒரு கதவின் கனம். கொக்கியை இடுக்கில் செருகி நெம்பி எடுத்து, முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காயவைத்தார்கள். மூங்கிலால் அடித்தபோது மூன்று வருஷத் தூசி பறந்தது. எந்த அறையும் சரியான சதுரம் கிடையாது என்பதால் எந்தப் பாயும் இன்னொன்றின் இடத்தில் உட்காராது. அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் எது எங்கே என்று மேஸ்திரி தன் கையால் மையில் எழுதிவைத்திருந்தார்.

கென்கிச்சி மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி அவனைச் சும்மா விடவில்லை.

"செத்துப் பொழச்சவனுக்கு ஆயுசு கெட்டியாம். அந்த ரஷ்யா வைத்தியத்த எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

"பட்டினிதான் மேஸ்திரி. நீங்க ஒரு நாள் தாங்கமாட்டீங்க," என்றான் கென்கிச்சி.

மத்தியானம் பாய்களை உள்ளே கொண்டுபோய், எழுதியிருந்தபடி மாற்றிப் போட்டார்கள். பொருந்தவில்லை. ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது, மறுபக்கம் பாய் தூணில் முட்டியது. மேஸ்திரி எண்களைச் சரிபார்த்தார். அளவுகோலை எடுத்து அறையை அளந்தார், பாயை அளந்தார், மறுபடி அறையை அளந்தார். பாய்களில் தப்பில்லை, அறைதான் மாறியிருக்கிறது என்றார். மரவீடு மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், அது எல்லாருக்கும் தெரிந்தது; ஆனால் பாய்கள் கிடந்த வாக்குக்கு ஏற்ப ஒரு அறை இப்படித் தன்னை மாற்றிக்கொண்டதைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அகலக் கத்தியைத் தீட்டினார். முட்டியதை வெட்டினார், குறைந்ததற்கு வைக்கோல் வைத்துத் தைத்தார். தையல் நூலை இழுத்து இறுக்கும்போது முழங்கையைப் பாயில் ஊன்றினார். அந்த முழங்கையில் காளையின் திமில் போலக் காய்த்திருந்தது. சாயங்காலத்துக்குள் அறை மங்கல அறையாகிவிட்டது. எங்கும் ஒரு சிலுவை இல்லை.

ஷினோ தேநீர் கொண்டுவந்தாள், நாலு கோப்பை. மேஸ்திரி ஒன்றை எடுத்தார், தொமேஜி ஒன்றை எடுத்தான், ஷினோவின் பக்கம் ஒன்றைத் தள்ளினார்கள். நாலாவதை மேஸ்திரி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

கென்கிச்சி அவருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டபோது மேஸ்திரி திடுக்கிட்டு, வயசாகிவிட்டது, கண் மங்குகிறது என்று சமாளித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஷினோவும் சிரித்தாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. கல்யாண விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று தொமேஜி ஒரு காகிதத்தில் எழுதினான். அதில் அண்ணன் பெயர் இல்லை. ஷினோ காட்டியதும் முகம் சிவந்து, மேல் இடத்தில் பெயரை எழுதினான். இரண்டு நாள் கழித்து அதைப் புதிதாக நகல் எடுத்தான். அதிலும் இல்லை. கல்யாணச் சோற்றில் போடும் சிவப்பு அவரையை ஆய்ந்துகொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கென்கிச்சியைச் சுற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அதில் ஒருத்தி கடன் வாங்கி வந்த தட்டுப் பலகைகளைத் தாழ்வாரத்தில், அவன் மடிமேல் படும்படி, அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அவன் மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தான். கோபப்படவில்லை. அதுதான் ஷினோவைப் பயமுறுத்தியது.

அவன் எட்டுப் பாய் அறைக்குள் போவதை நிறுத்திவிட்டான். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனபோது விளிம்பில் ஒரு காலை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

"எனக்கு அங்க எடம் இல்ல ஷினோ. ஒவ்வொரு பாயும் ஒவ்வொரு பக்கமா தள்ளுது."

பகலெல்லாம் சமையலறையின் மண்தரையில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பேசினால் பக்கத்து அறையில் யாரோ பேசுவது போலக் கேட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஷினோ பார்லி கலந்த சோறும் முள்ளங்கி ஊறுகாயும் எடுத்துவைத்து, தொமேஜியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு துணி எடுக்க முற்றத்துக்குப் போனாள். கொடியில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சட்டை தொங்கியது. முரட்டுத் துணி, வித்தியாசமான பொத்தான்கள். யாருடையது இது, காற்றில் எங்கிருந்தாவது வந்து மாட்டிக்கொண்டதா என்று யோசித்தபடி அதை மடித்தாள். மடித்து முடித்தபோது கை நின்றது.

அவள் ஓடினாள். அவன் விறகுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மங்கலான இடம்தான், ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பசிக்கலயாங்க? ஏன் கூப்பிடல?"

"நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்," என்றான் அவன். பிறகு குறை சொல்லும் தொனியே இல்லாமல், "நேத்தும் நீ கூப்பிடல," என்றான்.

நேற்று அவனுக்குச் சோறு போட்டதாக அவளுக்கு நினைவிருந்தது. யோசிக்க யோசிக்க, அது நேற்றா அதற்கு முந்தின வாரமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை தொமேஜி கல்யாணத்துக்கு அரிசி மது, சாக்கே, ஒரு பீப்பாய் வாங்கக் கைவண்டியோடு கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் ஷினோ கொக்கியை எடுத்தாள். மேஸ்திரியும் தொமேஜியும் சேர்ந்து தூக்கிய பாய்களை அவள் தனியாக நெம்பி, நிமிர்த்தி, மூலைக்கு மூலை நடத்திக்கொண்டு போனாள். அடியில் இருந்த பலகைகளிலிருந்து மண்வாசனையும் குளிரும் மேலே வந்தன. நகம் ஒன்று பிய்ந்தது. நாலு பாய்களை ஒரே பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு ஐந்தாவதைத் தூக்கும்போது தொமேஜி திரும்பி வந்துவிட்டான். சாக்கேக்காரன் பாதி வழியிலேயே எதிரே வந்திருந்தான்.

தொமேஜி அறைக்குள் வந்து அவள் தூக்கிய பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கத்தவில்லை.

"அண்ணி, நாளைக்குக் கல்யாணம். யாருக்காக இத செய்றீங்க?"

"ஒங்க அண்ணனுக்காக."

அவன் முகம் இளகியது. மூன்று வருஷத்துக்கு முன் அவளிடம் பேசிய அதே குரலில் பேசினான்.

"அண்ணனுக்குத்தான் எல்லாம் முறையா செஞ்சாச்சே. பெட்டிய நான்தான கழுத்துல சுமந்துட்டு வந்தேன். நீங்களும் பாத்தீங்க. இன்னும் எத்தன வருஷத்துக்கு இப்படி?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் ஈரம் இருந்தது. ஷினோ வாயைத் திறந்தாள். பேருந்திலிருந்து ஒருவன் இறங்கினானே என்று சொல்ல நினைத்தாள். அந்த ஒருவனுடைய முகத்தை மனசுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை. ஒருவேளை இவன் சொல்வதுதான் சரியோ, கூழாங்கல்லோடு எல்லாம் முடிந்துவிட்டதோ, தான்தான் மூன்று வருஷமாக ஆளில்லாத இடத்துக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை உலுக்கியது. பாயை அவன் கையிலிருந்து பறித்து இழுத்தாள்.

அவன் தடுக்கவில்லை. அறையின் நடுவில் கையைத் தொங்கவிட்டபடி நின்று, பைத்தியம் பிடித்த விதவையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது, ஏழாவது. எட்டாவது பாயை விளிம்பில் வைத்துக் குதிகாலால் அழுத்தினாள். மேஸ்திரி வெட்டியும் ஒட்டியும் அளவு மாற்றிய பாய்கள் அவை, இந்த வாக்கில் பொருந்தவே கூடாது. அது டப்பாவுக்கு மூடி போல இறங்கி உட்கார்ந்தது. நடுக்கோட்டில் ஒரு மயிரிழை நுழைய இடமில்லை.

மண்தரைப் பக்கம் யாரோ இருமினார்கள். கென்கிச்சி உள்ளே வந்தான், நடுவில் உட்கார்ந்தான், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"சூடா ஏதாவது இருந்தா குடு ஷினோ. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல."

தொமேஜி சட்டென்று குனிந்து, "அண்ணே, நாளைக்கு நீங்கதான் மேல் எடத்துல உக்காரணும்," என்று ஆரம்பித்தான். பாதியில் நின்றது. சற்று முன் தான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அண்ணியின் ரத்தம் கசியும் விரலைப் பார்த்தான்.

அன்று மத்தியானமே அவன் தட்டுப் பலகைகளையும் சாக்கே பீப்பாயையும் கைவண்டியில் ஏற்றி, சம்பந்தம் பேசி முடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனான். தரைப்பலகை உளுத்துவிட்டது, நாற்பது பேர் பாரம் தாங்காது என்று ஊருக்குச் சொன்னான். கல்யாணம் அங்கேதான் நடந்தது. அண்ணனும் அண்ணியும் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஷினோ அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. வரத் தேவையில்லாமல் இருந்தது. கென்கிச்சி பேசினான், சிரித்தான், வசந்தத்தில் கூரையின் வடபக்கத்தைப் பிரித்து வேய வேண்டும் என்றான். தபால்காரர் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் ஷினோ பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் தொமேஜி மனைவியை அழைத்துக்கொண்டு வந்தான். புதுப்பெண் வீட்டு மாடத்தை வணங்க வேண்டிய நாள். தாழ்வாரத்தில் இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம் வந்து, காகிதக் கதவு நகர்ந்தது. ஷினோ நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, முகம் நிறையச் சிரித்து, உள்ளே வாருங்கள் என்றாள்.

தொமேஜி காலை எடுத்துவைக்கப் போனான். நாமியே அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கால வைக்காதீங்க. அடுக்கிப் போட்டிருக்கு, பாருங்க. யாரு செத்தது இங்க?"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. தொமேஜி நேராக ஷினோவைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். பிறகு சத்தமாகவே, "இந்தா இருக்கோம், தொமேஜி," என்றாள்.

அவன் காலைப் பின்னால் எடுத்துத் தாழ்வாரத்தில் வைத்தான். அவன் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

"என் அண்ணனும் அண்ணியும்," என்றான் நாமியேவிடம். "போர்ச் சமயத்துல. பாய மாத்தணும்னு நெனச்சுட்டே இருந்தேன். மேஸ்திரிய நாளைக்கே வரச் சொல்றேன்."

இருவரும் அங்கேயே, வெளியில் மண்டியிட்டு, நெற்றி பலகையில் படும்படி வணங்கினார்கள். ஒழுங்கான, அன்பான வணக்கம். கதவு மூடியது. காலடிச் சத்தம் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்த் தேய்ந்தது.

ஷினோ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி நாளைக்கு வருவார், கொக்கியோடு. அவள் நகர்ந்து போய் இரண்டு பாய்களுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். நகம்கூட இறங்கவில்லை.

கென்கிச்சி தலையைத் திருப்பினான். அவனுக்குத் தூக்கக் கலக்கம்.

"யாரு வந்தது?"

"ஒங்க தம்பியும் பொண்டாட்டியும்."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க," என்றாள் ஷினோ. "நம்ம ரெண்டு பேரையும் கேட்டாங்க."